பஜ்ஜிக்காக ஒரு நடைப்பயணம்

எனக்கு வயிற்றெரிச்சல். அடுத்த வீட்டுக்காரன் கார் வாங்கியதால் வருவதல்ல. நிஜமாகவே வயிறு எரிவது. அமிலம் அதிகம் சுரக்கிறது என்றார் டாக்டர். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. காரம், எண்ணெய், காபி தொடக் கூடாது. எடையும் குறைய வேண்டும். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மனப்பாடம் செய்தது என் மனைவி வசந்தகுமாரி.

மறுநாளே சேக்காட்டில் எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. மூன்று நாள் சுரைக்காய். நாலாம் நாள் ஒரு முடிவெடுத்தேன்.

"வசந்தா, இனிமே தினம் சாயங்காலம் நடக்கலாம்னு கீறேன்."

"இன்னா திடீர்னு?"

"உடம்பு முக்கியமாச்சே."

"நல்லா நடங்க" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. தெருமுனையில் பொன்னியம்மா கடை வாசனை வந்ததும் வெட்கம் போய்விட்டது.

"ரெண்டு மொளகா பஜ்ஜி குடும்மா."

"தீந்துபோச்சு அண்ணாத்தே."

"சட்டில வெந்துகினு கீதே?"

"அது ஆர்டரு."

அடுத்த கடையில் மாவு புளித்துவிட்டதாம். அதற்கடுத்த கடையில் அடுப்பு ரிப்பேராம். எரிகிற அடுப்பைக் காட்டியே சொன்னார்கள். நான் விடவில்லை. தினமும் ஒரு கடை தள்ளிப் போனேன். அந்தத் தூரத்துக்குத் திருப்பதிக்கே நடந்திருக்கலாம், லட்டாவது கிடைத்திருக்கும்.

பதினாறாம் நாள் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரை போய்விட்டேன். முன்பின் தெரியாத கடைக்கார அம்மா தட்டில் இரண்டு பஜ்ஜி வைத்து நீட்டினார். என் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க வசந்தாக்கா ஊட்டுக்காரருதானே?"

போனைத் திருப்பிக் காட்டினார். வசந்தா செயலாளராக இருக்கும் மகளிர் குழுவின் வாட்ஸப். அதில் என் போட்டோ. கீழே ஒரே வரி: 'இவருக்கு பஜ்ஜி இல்லை.'

கோபமாக வீடு திரும்பினேன். வசந்தா நிதானமாக மோர் கொடுத்தாள்.

"எரிச்சல் இப்போ எப்டி கீது?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வாரமாகவே இல்லை. பேன்ட் வேறு இடுப்பில் நிற்கவில்லை.

"இல்ல" என்றேன், வாய் தவறி.

"அப்போ நாளைக்கு அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நடங்க. அங்க கீற மூணு கடைக்கும் இப்போதான் சொல்லி முடிச்சேன்."