பித்தளை நீச்சல் வீரர்

அலைச்சறுக்கு என்ற சொல்லைக் குழாய்க்காரர் தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கேட்டபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. கேட்டார். விழுங்கிவிட்டார்.

"டிக்கெட் போட்டாச்சுங்க," என்றாள் மனைவி, குளியலறைக் கதவில் சாய்ந்துகொண்டு. "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுதில்ல? ஒரு தீவு நாட்டுக்குப் போறோம். சுத்திலும் கடல். ஏழு நாள். தினமும் காலையில அலைச்சறுக்கு கத்துக் குடுக்கிறாங்க."

"அலை... என்னது?"

"சறுக்கு. பலகை மேல ஏறி நின்னு, அலையோட சறுக்கிட்டே வரணும்."

"சறுக்கி எங்கம்மா வரணும்?"

"கரைக்குத்தான்."

"நாமதான் ஏற்கெனவே கரையில இருக்கோமே!"

அவள் சிரித்தாள். "உங்களுக்கென்ன, மீன் மாதிரி நீந்துவீங்க. நான்தான் பயப்படணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழாய்க்காரர் வாயைக் கொப்பளிக்கப் போனார். துப்ப நுரை இல்லை, எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

ஊரார் அவரைக் குழாய்க்காரர் என்று கூப்பிடுவதற்குக் காரணம் அவருடைய வேலை. குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் அவர் மேற்பார்வையாளர். குழாய், ஷவர், குளியல் தொட்டி, ஃபிளஷ் டேங்க் என்று தண்ணீர் போகும் வழி எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தண்ணீர் தன் மேல் வரும் வழி மட்டும் ஆகாது. ஆயிரம் ஷவர் விற்ற மனிதர் வீட்டில் ஷவரைத் திறந்ததே இல்லை. வாளியிலிருந்து மக்கால் மொண்டு, தோளுக்குக் கீழே ஊற்றிக்கொள்வார். தலைக்கு ஊற்றும் நாளில் கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டார். ஏதாவது ஆகிவிட்டால் யாராவது உள்ளே வரவேண்டுமே!

அப்படிப்பட்டவர் மீனான கதை, வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஒரு கோப்பை. அதன் உச்சியில் ஒரு பித்தளை மனிதன், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, குனிந்து நிற்கிறான். கல்யாணமான மூன்றாம் நாள், புதுப்பெண் அதைப் பார்த்துவிட்டு "இது எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். புது மாப்பிள்ளை வாயிலிருந்து "நீச்சல்" என்று வந்துவிட்டது. உண்மையில் அது பள்ளிக்கூடச் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய மூன்றாம் பரிசு. பித்தளை மனிதன் பாயவில்லை, விழுந்துகொண்டிருக்கிறான். அன்று மத்தியானமே அடித்தகட்டில் இருந்த எழுத்தைத் திருப்புளியால் சுரண்டி எடுத்துவிட்டார்.

பொய்க்குத் தீனி போட்டால் அது வளராமல் என்ன செய்யும்? முதல் வருஷம் வெள்ளத்தில் ஒருவரைக் காப்பாற்றியதாகச் சொன்னார். ஐந்தாம் வருஷம் அது மூன்று பேரானது. பத்தாம் வருஷம் நான்கு பேரும் ஒரு கன்றுக்குட்டியும். மனைவி ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். அந்தக் கண்களை இழக்க அவருக்கு மனசில்லை. இப்போது இரண்டு பயம். கடலில் இறங்கினால் உயிர் போகும். இறங்காவிட்டால் மானம் போகும். பயணத்துக்கு இன்னும் இருபது நாள்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். தேர்வறையில் அவள் மேற்பார்வை என்றால் மாணவிகளுக்குச் சோறு இறங்காது. துண்டுச் சீட்டு வைத்திருப்பவளிடம் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். திட்டமாட்டாள். பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பாள். ஐந்தே நிமிஷத்தில் சீட்டு தானாக வெளியே வந்துவிடும். இதை அவளே சொல்லி அவர் எத்தனையோ தடவை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

முதலில் அவளைப் பயமுறுத்திப் பார்த்தார்.

"அந்தக் கடல்ல சுறா இருக்குமேம்மா."

"அந்தப் பக்கம் வராதாம். வந்தா நீங்க இருக்கீங்களே."

"ஜெல்லி மீன் கடிச்சா உடம்பெல்லாம் வீங்கிடும்."

"கடிக்காதுங்க, கொட்டும். நீங்க இருக்கீங்களே."

"நான் இருப்பேன்னு யார் சொன்னது?" என்று தொண்டை வரை வந்தது. மாற்றிக்கொண்டார். "எனக்குக் கடையில ஆள் இல்ல. நீ உன் சிநேகிதி யாரையாவது கூட்டிட்டுப் போயேன்."

"ஜோடியாப் பேர் குடுத்தாதான் இடமே குடுத்தாங்க. இனிமே பேரை மாத்தணும்னா வராதவருக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணுமாம். உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க!"

கல் தண்ணீரில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்தது. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தையல் வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்தவள், ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

அடுத்த திட்டம் பாஸ்போர்ட். அது இல்லாவிட்டால் விமானம் ஏது, தீவு ஏது? வீட்டில் ஒளித்தால் டீச்சர் கண் கண்டுபிடித்துவிடும். கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். பார்வைக்கு வைத்திருந்த ஃபிளஷ் டேங்குகளில் விலை கூடிய ஒன்றின் மூடியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். இரண்டு வருஷமாக யாரும் சீண்டாத டேங்க். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. வாசலில் ஒரு பிளம்பர், கையில் பாஸ்போர்ட்டோடு நின்றார்.

"சார், உங்க கடையில இருந்து வந்த டேங்கைப் பொருத்தப் போனேன். உள்ள இது இருந்துச்சு. நல்லவேளை, தண்ணி திறக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

மனைவி பிளம்பரை உட்கார வைத்துக் காபி கொடுத்து, நாலு தடவை நன்றி சொல்லி அனுப்பினாள். பிறகு பாஸ்போர்ட்டை விரித்து, அவருடைய போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடலுக்குப் போக உங்களைவிட இதுக்கு அவசரம் போல. அதுக்குள்ள தண்ணியில இறங்கப் பாத்திருக்கு."

"அது... கடையில பத்திரமா இருக்கட்டுமேன்னு..."

"சரிங்க," என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி இல்லை. அலமாரிப் பக்கம் போய், கோப்பையை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். அந்த ஒரு 'சரிங்க'வுக்கு அவர் ரெண்டு நாள் நடுங்கினார்.

இனிமேல் வீரம்தான் வழி என்று ஒரு முடிவுக்கு வந்தார். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, தண்ணீர் இணைப்புக் கொடுத்துப் பார்வைக்கு வைத்திருந்த குளியல் தொட்டிக்குள் காற்சட்டையோடு இறங்கி உட்கார்ந்தார். குழாயைத் திறந்தார். கணுக்கால் வரை வந்தது. பரவாயில்லை. இடுப்புக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டார். தொப்புளைத் தொட்டதும் அவர் போட்ட சத்தத்தில் கல்லாவில் இருந்த பெண்மணி தீ விபத்து மணியை அடித்துவிட்டார். கடை முழுக்கத் தெருவில் போய் நின்றது. தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி அவரை மீட்டவர், அப்போதுதான் கை கழுவும் பேசின் பார்க்க வந்திருந்த எழுபது வயதுக்காரர்.

"காலை ஊனி எழுந்திருச்சிருக்கலாமே தம்பி," என்றார் அவர்.

அன்று ராத்திரி வீட்டில் மனைவி ஏதோ சொன்னாள். அவர் காதில் விழவில்லை. அவர் காதில் அலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டேன். காதுல ஏதாவது கோளாறா? முக்குத் தெருவுல ஒரு காது டாக்டரம்மா இருக்காங்களே, போய்க் காட்டுங்க. எதைச் சொன்னாலும் பொறுமையாக் கேப்பாங்களாம்."

காது! குழாய்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதில் கோளாறு என்றால் தண்ணீரில் இறங்க முடியாது. சர்டிபிகேட் கிடைக்கும். உயிரும் தப்பும், மானமும் தப்பும். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஈரத்தலையை முடிந்து கொண்டை போட்டிருந்தார்.

"என்ன தொந்தரவு?"

"காதுக்குள்ள தண்ணி போனா ஆபத்து டாக்டர்."

"போயிருக்கா?"

"இல்ல, போயிடக் கூடாதேன்னுதான் வந்தேன்."

டாக்டரம்மா விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்தார். "ரெண்டும் சுத்தமா இருக்கே."

"நல்லாப் பாருங்க டாக்டர். ஆழத்துல ஏதாவது இருக்கும்."

"ஆழம்னா உங்களுக்குப் பயமா?"

அந்தச் சொல்லுக்கே குழாய்க்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா விளக்கை அணைத்தார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

இருபத்தைந்து வருஷத்தில் யாரும் அவரிடம் இதை நேராகக் கேட்டதில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"தெரியாது," என்றார். சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "பொய் எழுத மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். 'இவரைப் பரிசோதித்தேன். இவர் தற்போது நீந்த இயலாத நிலையில் உள்ளார். தலையை எப்போதும் தண்ணீருக்கு மேலேயே வைத்திருப்பது இவருக்கு நல்லது.' ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. குழாய்க்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழி நெடுக முகத்தைச் சோகமாக வைத்துப் பழகிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"என் தலையெழுத்தைப் பாரும்மா," என்று பெருமூச்சு விட்டுத் தாளை நீட்டினார். "எவ்வளவு ஆசையா இருந்தேன்! காது கெடுத்துடுச்சு."

அவள் படித்தாள். நிதானமாக, கணக்குத் தாள் திருத்துகிற மாதிரி படித்தாள். "அடடா" என்றாள். செல்போனை எடுத்துத் தாளைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் டிங் என்று பதில் வந்தது.

"மாத்திட்டாங்க," என்றாள்.

"எதை?"

"டிக்கெட்ல உங்க பேரை."

"யார் பேருக்கு?"

வாசல் மணி அடித்தது. காது டாக்டரம்மா, ஈரத்தலையோடு, தோளில் ஒரு பயணப் பையை மாட்டிக்கொண்டு நின்றார். "பை இந்த அளவு போதுமா டீச்சர்?" என்று கேட்டவர், குழாய்க்காரரைப் பார்த்ததும், "காது எப்படி இருக்கு சார்?" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும்..."

"ஒரே வகுப்பு," என்றாள் மனைவி.

"தையல் வகுப்பா?"

"எட்டு மாசமாப் போறேன். ஒரு தலையணை உறையாவது தச்சுப் பாத்தீங்களா?"

அவர் அவளுடைய ஈரத்தலையைப் பார்த்தார். டாக்டரம்மாவின் தலையைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாகப் புரிந்தது. தப்பித்தோம் என்று ஒரு நொடி உடம்பு லேசானது. அடுத்த நொடி, அதுவரை வந்த பயம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி புதிதாக ஒரு பயம் வந்தது. இவள் போகப்போகிறாள். அந்தக் கடலில் இறங்கப்போகிறாள். சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"போகாதம்மா," என்றார். "நீ முங்கினா எனக்குக் குதிச்சுத் தூக்கத் தெரியாது. நான் நீச்சல் வீரனே இல்ல. அந்தக் கோப்பை..."

"சாக்கு ஓட்டம். மூணாவது பரிசு," என்றாள் அவள். "நீங்க நீச்சல்னு சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே உங்க அக்கா சொல்லிட்டாங்க."

"இருபத்தஞ்சு வருஷமாத் தெரியுமா? பின்ன ஏன் கேக்கல?"

"அப்பப்ப ஒருத்தரைக் கூடுதலாக் காப்பாத்திட்டு வந்தீங்க. நான் கேட்டுக் கெடுப்பானேன்? அந்தக் கன்னுக்குட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்." அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அலையில ஏறணும்னு ஆசை. வரமாட்டேன்னு நீங்க நேராச் சொல்லமாட்டீங்க. சொல்லச் சொன்னா இன்னொரு வெள்ளம் வரும். அதான், சும்மா பக்கத்துல நின்னேன். நீங்களே சீட்டை எடுத்துக் குடுத்துட்டீங்க."

இருபத்தைந்து வருஷமாக மனைவிக்குத் தண்ணி காட்டுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். குழாய் யார் கையில் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"நீ முங்க மாட்டியே?"

"மாட்டேன். எட்டு மாசமா நீச்சல் கத்துக்கிட்டிருக்கேன். டாக்டரும் கூட இருக்காங்க."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். கொஞ்சம் தைரியம் வந்தது. "அப்ப நான் நிம்மதியா வீட்டுல இருக்கேன்."

"வீட்டுல எங்க இருக்கப் போறீங்க? நாளைக்குக் காலையில ஆறரைக்கு உங்களுக்கு நீச்சல் வகுப்பு. பேர் குடுத்தாச்சு."

"எனக்கா?" அவர் துள்ளி எழுந்தார். "சர்டிபிகேட் இருக்கே! தலை தண்ணிக்கு மேலயே இருக்கணும்னு எழுதியிருக்கே!"

"அதைச் சொல்லித்தான் டாக்டர் உங்களுக்கு இடமே வாங்கினாங்க. தலை நனையாமக் கத்துக் குடுக்கற வகுப்பு எங்க நீச்சல் குளத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. முழங்கால் ஆழம். நாலு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மனைவி எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பித்தளை மனிதனை ஓரமாகத் தள்ளி வைத்து, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் பண்ணினாள்.

"கடைசி நாள் எல்லாப் பிள்ளைங்களுக்கும் கோப்பை குடுப்பாங்களாம். அதுல நீச்சல்னு எழுதியிருக்கும். சுரண்டிடாதீங்க."