டாலியின் வளைகாப்பும் என் வலது கால் ஷூவும்

கவரைப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

என் மனைவியின் ஒரே தம்பியும், வாயைத் திறந்தால் வாக்குறுதி தவிர வேறொன்றும் வராதவனுமாகிய சந்திரமோகனுக்கு, உன் அக்கா புருஷன் மணவாளன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா செல்வியும் சௌக்கியம். நீ விட்டுப்போன நாய் எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இப்போதைக்கு ஆசையில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, ஆகவே கடிதம். இதை உன்னால் கட் பண்ண முடியாது.

கடம்பத்தூரிலிருந்து லோடு ஆட்டோவில் டாலியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, "மாமா, என் ஃப்ரெண்டோட நாய்கூட சேத்துட்டேன், கண்டிப்பா சென புடிச்சிருக்கும். அவுஸ் ஓனரு பேஜாரு பண்றான். குட்டி போடற வரிக்கும் உங்க ஊட்ல இருக்கட்டும்" என்றாயே, நினைவிருக்கிறதா? சினை பிடித்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மூஞ்சப் பாத்தாலே தெரியல?" என்றாய். நீ மூஞ்சியைப் பார்த்து வாங்கிய பைக் இன்றைக்கும் எங்கள் கொல்லையில்தான் துருப்பிடித்து நிற்கிறது. அப்போதே ஆட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நீ நாஷ்டாவுக்கு உட்கார்ந்துவிட்டாய், என்னால் அனுப்ப முடியவில்லை.

சில வாரங்களில் டாலி சோற்றை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் படுத்தது. காம்புகள் தடித்தன, வயிறு தொங்கியது. உடனே உன் அக்கா அதற்குத் தினமும் முட்டையும் பாலும் தயிர்ச்சோறும் ஊட்ட ஆரம்பித்தாள். அப்படித் தின்றால் எனக்குக்கூடத்தான் வயிறு தொங்கும், ஆனால் எனக்கு யார் ஊட்டுகிறார்கள்? எதிர்வீட்டுக் கன்னியம்மா வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஆறு குட்டி கீது, எழுதி வெச்சிக்கோ" என்றாள். அவள் புருஷன் யேசுதாஸ், எங்கள் மில்லில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், தூர நின்று பார்த்தே எட்டு என்றான். டாக்டரிடம் காட்டி ஒரு ஸ்கேன் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "எனக்கே ஸ்கேன் பாத்ததில்ல, நாயிக்கு இன்னாத்துக்கு?" என்று கன்னியம்மா சிரித்தாள். உன் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அத்தோடு நிறுத்தினார்களா? ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து டாலிக்கு வளைகாப்பு வைத்தார்கள். கண்ணாடி வளையல் முன்னங்காலில் நிற்காததால் கழுத்துப் பட்டையில் கோத்துத் தொங்கவிட்டார்கள். சந்தனத்தை டாலி நக்கிவிட்டது. எலுமிச்சை சாதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆரத்தி முடிந்ததும் கன்னியம்மா முக்காடு போட்டு சுகப்பிரசவத்துக்கு ஜெபம் பண்ணினாள். வந்திருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு குட்டி சொல்லிவைத்துவிட்டு, தாம்பூலப் பையோடு போனார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு ஆகாது. ரோலிங் மில்லில் தரப் பரிசோதனை பார்க்கிறவன் நான், அளந்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. பேக்கிங் பலகையில் பிரசவத்துக்கு ஒரு பெட்டி அடித்து, பழைய புடவை விரித்து வைத்தேன். குட்டி போடுவதற்கு முந்தின நாள் தாயின் உடம்புச் சூடு இறங்கும் என்று படித்தேன். தெர்மாமீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் படித்துவிட்டு, அந்த யோசனையைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக, உலையிலிருந்து வரும் இரும்பின் சூட்டைத் தூர நின்றே அளக்கும் துப்பாக்கியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து டாலியின் வயிற்றுக்கு நேரே பிடித்தேன். 'மிகவும் குறைவு' என்று காட்டியது. உடனே வலி எடுத்துவிட்டது என்று தெருவுக்கே அறிவித்தேன். கன்னியம்மா வெந்நீர் போட்டாள், யேசுதாஸ் லீவு போட்டான், தெருவே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. டாலி கொட்டாவி விட்டது. இதில் என் பிழை எதுவும் கிடையாது. கருவி காட்டியதைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் டாலி பெட்டிக்குள் படுத்து எதையோ நக்கிக்கொண்டிருந்தது. உன் அக்கா ஆனந்தக் கண்ணீரோடு குனிந்து பார்த்தாள். என் வலது கால் சேஃப்டி ஷூ. எடுக்கப் போனேன், உறுமியது. ஒரு காலில் ஷூவும் மறு காலில் ரப்பர் செருப்புமாக மில்லுக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி எட்வர்ட் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சார், ஒரு காலுக்குத்தான் சேஃப்டி கீது. இன்னொண்ணு மேல இரும்பு வுழுந்தா யாரு பதில் சொல்றது? ஊட்டுக்குப் போய் போட்டுக்கினு வாங்க" என்றான். என் ஷூ கைக்குழந்தையாக இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டிலிருந்து திரும்பினேன்.

அன்றைக்கே டாலியைக் கால்நடை டாக்டர் அருணாவிடம் இழுத்துப்போனேன். வயிற்றைத் தடவி, ஸ்கேனும் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பொய்ச் சினைங்க. குட்டியே இல்ல. ஆனா உடம்பு இருக்குன்னு நம்பிடும், பாலும் சுரக்கும். எதையாவது குட்டின்னு வெச்சிக்கும். காம்பைத் தொடாதீங்க, அந்த ஷூவ மறைச்சி வெச்சிடுங்க, தானா சரியாயிடும்" என்றார். இதைத் தெருவில் வந்து சொன்னால் கன்னியம்மா, "துப்பாக்கி வெச்சிப் பாத்தது நீதானே அண்ணே?" என்கிறாள்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு நீ வருகிறாய். குட்டி சொல்லிவைத்தவர்களுக்கெல்லாம் நீயே வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்கிறாய். உன் நாயின் வாயிலிருந்து என் ஷூவை நீயே பிடுங்கிக் கொடுத்துவிட்டு நாயோடு கிளம்புகிறாய். அதற்குமேல் அது என் வாசலில் இருக்கக் கூடாது.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். உனக்கு நல்ல புத்தியும் டாலிக்கு நல்ல எஜமானும் வாய்க்க வேண்டும் என்று திருத்தணி முருகனை வேண்டிக்கொள்ளும்,

மணவாளன்.

பி.கு.: கடிதம் இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நேற்று டாக்டர் சொன்னபடி ஷூவை எடுத்து பீரோ மேல் ஒளித்து வைத்தேன். டாலி பெட்டியைத் தோண்டியது, கட்டிலடியில் தேடியது, பாத்ரூம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் வெறுங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு முனகியது. ஒரு நாய் அப்படி முனகி நான் கேட்டதில்லை. மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். வாங்கி வைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த இடது கால் ஷூவையே பார்த்தது. அதையும் கொடுத்தேன். மில் ஸ்டோரில், பழையது தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புது ஜோடி வாங்கியிருக்கிறேன், அதை யேசுதாஸ் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். வந்தால் ஆட்டோ இல்லாமல் வா, உன் ஷூவை வாசலுக்கு வெளியிலும் விடாதே. இருக்கிற இரண்டுக்கே பால் போதவில்லை.