இருபத்தெட்டாவது தட்டு

முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் நான். எண்ணிக்கையில் ஒரே ஒரு முறைதான் மனமறிந்து பொய் சொல்லியிருக்கிறேன். (அலுவலகத்தில் சொன்னவை சேராது. அவை மேலிடத்து உத்தரவு.) அந்த ஒரு பொய்யையும் தலைகீழாகச் சொல்லித் தொலைத்தேன்.

என் மகள் கவிதாவும் மாப்பிள்ளை அர்ஜுனும் ஃப்ரீமான்ட் என்ற அமெரிக்க ஊரில் இருக்கிறார்கள். அந்த ஊர்த் தமிழர்கள் சனிக்கிழமையானால் கோவிலுக்கோ மளிகைக் கடைக்கோ போவார்கள். இவர்கள் நாலு மணி நேரம் கார் ஓட்டி, டாஹோ பக்கத்து மலைகளில், மேலே ஏற்றிவிட லிஃப்ட் இல்லாத, காவலுக்கு ஆள் இல்லாத சரிவுகளில் தாங்களே ஏறிப் பனியில் சறுக்குவார்கள். நான் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்வேன். தாங்க முடியாமல் நாலு வருடத்துக்கு முன் என்னையும் கூட்டிப் போனார்கள்.

"வந்து பாருங்கப்பா. பாத்தா பயம் போயிடும்" என்றாள் கவிதா.

கூடியது.

காலில் முறம் மாதிரி எதையோ கட்டிவிட்டு நடத்தினார்கள். ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டே நடந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது அடி. சரிவுக்குக் கீழே ஒரு சின்ன மேட்டில் அர்ஜுன் குழி தோண்டியபடி விளக்கினான். காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டுமாம். அது மேலே பலகையாக இறுகிவிடும். அடியில் பனி ரவை போல உதிரியாகவே இருக்கும். "ரவை மேல மைசூர்பாக் தட்டு வச்ச மாதிரி, மாமா. நாம மேல நின்னா மொத்த தட்டும் ஸ்லைட் ஆகும். நம்மளோட."

இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்!

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பனியைத் தூண் மாதிரி வெட்டி, மேலே மண்வாரியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் உடைகிறது என்பதுதான் கணக்கு.

"மாமா, நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே. கவுன்ட் பண்ணுங்க. டென், ட்வென்டி வந்தா மட்டும் சத்தமா சொல்லுங்க, கையை மாத்தணும்."

எனக்கு ஒன்று என்று தொடங்க வராது. நெல் அளக்கிறவர்கள் மாதிரி, "லாபம், ரெண்டு, மூணு…" பத்து வரை நேர்மையாகத்தான் எண்ணினேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. மாப்பிள்ளை நியூ ஜெர்சியில் பிறந்தவன்; அவனுடைய தமிழ் எண்கள் பத்தோடு முடிந்துவிடும். கவிதாவோ தள்ளி நின்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைக் கூட்டிச் சொன்னால் பயந்து திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். என் வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாமே கூடினால்தானே ஆபத்து?

"பதினொண்ணு, பதினாலு, பதினெட்டு, இருபது… ட்வென்டி! இருபத்தி நாலு, இருபத்தெட்டு!"

தூண் உடைந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ட்வென்டி எய்ட்" என்றேன்.

"வாவ், கவி! ட்வென்டி எய்ட்! லேயர் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. போலாம்!"

உண்மையில் அது பதினாறாவது தட்டு. இருவரும் கிளம்பி நாற்பது அடி போய்விட்டார்கள். கத்தலாம், ஆனால் சத்தம் போட்டால் பனி சரியும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதனால் கையை ஆட்டி, கிசுகிசுவென்று, "மாப்பிள்ளை… மாப்பிள்ளை…" என்றேன். கவிதா திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினாள். ஓடினேன். எட்டு அடி ஓடி, ஒன்பதாவது அடியில் முறமும் நானுமாகக் குப்புற விழுந்தேன்.

அதற்குத்தான் திரும்பி வந்தார்கள்.

"இருபத்தெட்டு இல்ல, பதினாறு" என்றேன், வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு. "நடுவுல கொஞ்சம் தாண்டிட்டேன்."

"தாண்டிட்டீங்களா? நம்பரை யாராவது தாண்டுவாங்களாப்பா?" என்றாள் கவிதா. "நாங்க அதை நம்பி மேல போயிருப்போம்!"

"நீங்க போகக் கூடாதுன்னுதாம்மா தாண்டினேன்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு என் மூக்குக் கண்ணாடியிலிருந்த பனியைத் துடைத்து மாட்டிவிட்டாள். அர்ஜுன் இன்னொரு தூண் வெட்டினான். அவனே ஆங்கிலத்தில் எண்ணினான். பதிமூன்றாவது தட்டில் மேல்பலகை முழுசாக, மேஜை இழுப்பறை மாதிரி, வெளியே வந்து விழுந்தது.

அர்ஜுன் மண்வாரியைக் கீழே வைத்தான்.

"எல்போவுல பத்துக்குப் பதிலா நாலு தட்டுதான் தட்டினேன்னு என் கைக்குத் தெரியும், மாமா" என்றான் அர்ஜுன் மெதுவாக. "ஆனா எனக்கும் ட்வென்டி எய்ட்தான் வேணும்னு இருந்துச்சு."

திரும்பினோம். ஆயிரத்து நூற்று நாற்பது அடி. (எண்ணவில்லை. எண்ண விடவில்லை.)

அன்றிலிருந்து நான் எந்த எண்ணைச் சொன்னாலும், மாத்திரையோ தோசையோ, வீட்டில் ஒரே கேள்விதான்: "தாண்டாமலா?" அர்ஜுன் தமிழில் நூறு வரை மனப்பாடம் செய்துவிட்டான். மலையில் இப்போது அவன் தமிழிலேயே எண்ணுகிறானாம். போன வாரம் அங்கிருந்து போன் வந்தது.

"மாமா, லாபத்துல ஆரம்பிச்சேன். பதினொண்ணுல உடைஞ்சிருச்சு. வீட்டுக்கு வர்றோம்."

ஆறுதலாக மூச்சு விட்டேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தாண்டாமலா, மாப்பிள்ளை?"