முப்பத்தாறு குதிரை குறைச்சல்

டெல்மர் புரூவிட் தன் எஞ்சினுக்கு முந்நூறு குதிரை பலம் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தான். இருநூற்று அறுபத்து நான்கு வந்தது. திரும்பப் போட்டான். பென்சிலை மாற்றிப் போட்டான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து போட்டான். குதிரைகள் அசையவில்லை. முப்பத்தாறு குதிரைகள் எங்கேயோ மேயப் போய்விட்டன.

இது ஃபௌலர் என்ற சின்ன ஊரில், அறுபத்தொன்றாம் வருஷம் செப்டம்பர் மாதம் நடந்தது. அந்த நாளில் ஃப்ரெஸ்னோவிலிருந்து தெற்கே வந்தால் சாலையின் இரண்டு பக்கமும் கொடிகளுக்கு நடுவில் திராட்சை காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாசனை கார் ஜன்னல் வழியாகப் புகுந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடவே பெட்ரோல் வாசனையும் சேரும். ஊருக்கு வெளியே போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் வீட்டிலேயே ஒரு காரைக் கட்டி எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவான். கால் மைல் நேர்கோடு. அவ்வளவுதான் பந்தயம். இன்று அங்கே பாதாம் மரங்கள் நிற்கின்றன. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் மிச்சமிருக்கிறவர்களுக்குக் காது மந்தம். ஆனால் அந்தச் சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது என்பார்கள்.

டெல்மரின் கார் முப்பத்தி நாலாம் வருஷத்து இரண்டு கதவுக் கூப்பே. நொறுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் எஞ்சினை அதற்குள் இறக்க அவனுக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது. அந்த மூன்று குளிர்காலமும் அவன் மனைவி ஓலீட்டாவின் அடுப்பில் பாதி நேரம் பிஸ்டன்தான் வெந்தது. அதற்குள் இரும்பு முளையைச் செருகுவதற்குச் சூடு பண்ண வேண்டுமாம். அதற்குப் பிறகு அவள் எத்தனை பீச் பழப் பை சுட்டாலும் எண்ணெய் நெடி போகவில்லை. தேவாலயத்து விருந்தில் அவளுடைய பை மட்டும் முழுசாகத் திரும்பி வந்தது. அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். முந்நூறு என்ற பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

"முந்நூறா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்.

"முந்நூறுக்கு ஒண்ணு குறையாது."

"யாரு எண்ணினா?"

"குதிரையை எண்ண முடியாது ஓலீட்டா. கணக்குல வரும்."

"பக்கத்துத் தோட்டத்து ஹைக்கிட்ட டார்க், டார்க்குன்னு அடிச்சுக்கிட்டியே, அது என்ன?"

"முறுக்கு விசை. திருகுற பலம். இப்ப ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக் கையில ஒரு பலம் போடறோம்ல, அது மாதிரி."

"நேத்து உன்னால முடியாம என்கிட்ட நீட்டினியே, அந்த பாட்டிலா?"

டெல்மருக்கு முறுக்கு ஏறியது. எஞ்சினில் எவ்வளவோ, ஆளிடம் அது நிறையவே உண்டு.

"முந்நூறுல ஒரு குதிரை குறையட்டும், அந்த வண்டியை நீயே ஓட்டு. ஓடுதளத்துல, எல்லார் முன்னாடியும்!"

"முந்நூறு வந்தா?"

"வர்ற குளிர்காலமும் உன் அடுப்பு எனக்கு."

"சரி" என்றாள் ஓலீட்டா, கையைத் துடைத்துக்கொண்டே. "எடையை என் எடைமேடையில நானே போடறேன். வேகத்தை ஹைக் பாக்கட்டும்."

அதற்குப் பிறகுதான் டெல்மர் யாருமில்லாத ஒரு புதன்கிழமை ஓட்டிப் பார்த்ததும், மேலே சொன்ன இருநூற்று அறுபத்து நான்கு வந்ததும்.

கணக்கு என்னவோ எளிது. ஒரு கார் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கால் மைல் முடிவில் கார் மணிக்கு எத்தனை மைல் போகிறது என்று பார். அதை இருநூற்று இருபத்தைந்தால் வகு. வந்ததை மூன்று முறை வைத்துப் பெருக்கு. ஓட்டுகிறவனையும் சேர்த்து வண்டியின் எடையால் பெருக்கு. குதிரைகள் வந்து நிற்கும். டெல்மரின் வண்டி நூற்றைந்து மைல் போனது. எடை இரண்டாயிரத்து அறுநூறு பவுண்டு.

வேகத்தை ஏற்ற வழியில்லை. எடை? அந்தக் காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த டெல்மருக்கு மெல்ல முகம் மலர்ந்தது. கனமான வண்டி அதே வேகத்தில் போனால் எஞ்சின் பெரிசு என்று அர்த்தம். எடை போடும்போது மட்டும் வண்டி கனமாக இருந்தால் போதும்! ஒரு சிமெண்ட் மூட்டை தொண்ணூற்று நாலு பவுண்டு. நாலு மூட்டை. எடை போட்டதும் இறக்கிவிட்டு நூற்றைந்தில் ஓட்டினால் முந்நூற்று இரண்டு குதிரை. இரண்டு குதிரை கொசுறு.

இதைப் பக்கத்துத் தோட்டத்து ஹைக் பெத்ரோசியனிடம் மட்டும் அரைகுறையாகச் சொன்னான். ஹைக் திராட்சை விவசாயி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுதளத்துக் கடிகாரத்துக்கு அவன்தான் பொறுப்பு.

"மூட்டை கீட்டைன்னு என்கிட்ட சொல்லாதே, நான் கேக்கவே இல்ல" என்றான் ஹைக். "ஆனா டெல்மர், எடை போடறது யாரு தெரியுமில்ல?"

"என் பொண்டாட்டி."

"உனக்குப் பொண்டாட்டி. திராட்சைக் கூடத்துல எங்களுக்கு அவதான் எடைமேடை. போன வருஷம் என் திராட்சைப் பெட்டிக்கு அடியில ஆத்துக்கல்லு ஆறு கிடந்துது. எப்படி வந்துதோ, எனக்குத் தெரியாது. வண்டி மேடையில ஏறுற சத்தத்தை வெச்சே, 'ஹைக், கல்லு பவுண்டு என்ன விலை'ன்னு கேட்டா."

"அது திராட்சை. இது கார்" என்றான் டெல்மர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உலர்திராட்சைக் கூடத்தில் பருவ வேலை நடந்துகொண்டிருந்தது. எடைமேடைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் ஓலீட்டா உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல். டெல்மர் கூப்பேயை மெல்ல மேடையில் ஏற்றினான். வண்டியின் பின்பக்கம் விருந்து சாப்பிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஓலீட்டா வண்டியைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"வேர்க்குது."

"வெயில்!"

"மணி எட்டுதான் ஆகுது."

டெல்மர் வானத்தைப் பார்த்தான். அவள் எடைக்கல்லை நகர்த்தினாள். நிதானமாகச் சீட்டு எழுதினாள். "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. பரவாயில்ல, பலமான வண்டிதான்."

டெல்மருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது வந்து சேர்வதற்குள் ஓலீட்டா அறையைப் பூட்டினாள், தொப்பியை மாட்டினாள், மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க?" என்றான் டெல்மர்.

"ஓடுதளத்துக்கு. சீட்டு என் கையில இருக்கு, வண்டி என் கண்ணு முன்னாடி இருக்கணும். திராட்சைக்கும் இதான் வழக்கம்."

வழியில் ஹைக்கின் கொட்டகையில் மூட்டையை இறக்குவதாகத் திட்டம்.

"ஹைக் வீட்டுல ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போவோமா?"

"ஹைக் ஓடுதளத்துல இருப்பான்."

"குளிர்ச்சியா சோடா வாங்கிட்டு வரியா? அந்தக் கடை நல்லா இருக்கும்."

"தாகம் இல்ல."

ஓடுதளத்துக்கு வந்தும் விடவில்லை. "நீ போய் நிழல்ல உக்காரு. நான் டிக்கியைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

"டிக்கில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததைப் பாக்கறதுக்கு என்ன அவசரம்?"

டெல்மர் நாலு மூட்டையோடு கோட்டில் போய் நின்றான். கொடி இறங்கியது. எஞ்சின் என்னவோ உயிரைக் கொடுத்துக் கத்தியது. ஆனால் வண்டி மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி கிளம்பியது. ஹைக் கடிகாரத்தைப் பார்த்து அறிவித்தான்: நூறு புள்ளி நாலு.

ஓலீட்டா சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். டெல்மர் எட்டிப் பார்த்தான். இருநூற்று அறுபத்து நான்கு. அதே இருநூற்று அறுபத்து நான்கு! மேடையிலும் மூட்டை இருந்தது, ஓட்டத்திலும் மூட்டை இருந்தது. கணக்குக்குப் பொய் சொல்ல இடமே இல்லை.

"முப்பத்தாறு குதிரை குறைச்சல்" என்றாள்.

'மூட்டை இல்லாம இருந்தா இன்னும் வேகமா போயிருக்கும்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல முடியுமா? டெல்மர் நாக்கை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

"ஹெல்மெட்டைக் குடு. வண்டியை இந்த ஓடுதளத்துக் கொட்டகைக்குப் பின்னாடி கொண்டு வா, கியர் போட்டுப் பாக்கணும்."

பின்னால் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாலு மூட்டையையும் இறக்கிப்போடு. யாரும் பாக்கறதுக்குள்ள."

"எ...எந்த மூட்டை?"

"மூணு மூட்டைன்னா பின்பக்கம் இவ்வளவு உக்காராது. அஞ்சுன்னா டயர் உரசும். இறக்கு, டெல்மர்."

இறக்கினான். சிமெண்ட் தூள் மீசையில் படிந்தது.

ஓலீட்டா கோட்டுக்குப் போனாள். பந்தயம் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். கொடி இறங்கியது.

டெல்மர் அந்த எஞ்சினை வெளியே நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. மூன்று வருஷமும் அவன் அதற்குள்ளேயே இருந்துவிட்டான். வெயிலில் காரின் சிவப்பு முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. சத்தம் மட்டும் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே போய்ப் பரவித் திரும்பி வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டான். சிமெண்டாகவும் இருக்கலாம். பின்னாளில் கிழவனான பிறகும் எது அழகு என்று கேட்டால் அவன் அந்தப் பதின்மூன்று நொடியைத்தான் சொல்வான்.

"நூத்தி அஞ்சு புள்ளி எட்டு!" என்று ஹைக் அலறினான்.

கூட்டம் ஓடி வந்தது. ஹைக் கடிகாரத்தையும் மறந்துவிட்டு வந்து டெல்மரின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அதே வண்டி! அதே காத்து! உன்னைவிட அஞ்சு மைல் ஜாஸ்தி! எப்படிடா?"

ஓலீட்டா ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு, புருஷன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து ஆவலாகக் காத்திருந்தாள்.

டெல்மர் மீசையைத் துடைத்தான்.

"அவ என்னைவிட நல்லா ஓட்டுவா" என்றான்.

அடுத்த ஞாயிறும் கேட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதையேதான் சொன்னான். மூன்றாவது ஞாயிறு, மூட்டை எதுவும் இல்லாமலே, அது உண்மையாகவும் ஆகிவிட்டது.