மாதா வரும் வீட்டில் பெயின்ற் காயவில்லை

மார்கழி மழைக்குள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும் ஓர் இனம் எங்கள் துறைமுகப் பக்கத்தில் வாழ்கிறது. பல்கலைக்கழகத்தில் எனக்கு இனங்களை வகைப்படுத்தக் கற்றுத் தந்தார்கள். வேலைதான் இன்னும் ஒருவரும் தரவில்லை. ஆகவே சும்மா இருக்கும் நேரத்தில் இவர்களுக்கு ஆயத்தக்காரர் என்று பெயர் வைத்தேன். துவைத்த சேலையே நாட்கணக்காகக் கொடியில் தொங்குகிற மாதத்தில் சுவர் எப்படிக் காயும் என்று கேட்கிறீர்களா? கேட்கக் கூடாது. மாதா வருகிறார்.

திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முந்திய காத்திருப்பு வாரங்களில், கருவுற்ற மாதாவின் சுரூபத்தை மாலைதோறும் வீடு வீடாகக் கொண்டுபோவது எங்கள் வட்டார வழக்கம். ஒரு வீட்டில் ஒரு செபமாலை. கடைசியில் வீட்டுக்காரர் தம் கருத்தை, மாதாவிடம் கேட்க நினைத்ததை, எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே அடுத்த வீடு.

‘உள்ளத்தை ஆயத்தப்படுத்துங்கள்’ என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். உள்ளத்துக்கு எந்தக் கடையில் சாமான் வாங்குவது? ஆகவே ஆயத்தக்காரர் வீட்டைப் பிடித்துக்கொள்கிறார். திரைச்சீலை மாறும், அலுமாரி அறைவிட்டு அறை போகும், கணவர் பிளாஸ்டிக் பூவோடு ஏணியில் ஏறுவார், இறங்குவார், பூ கோணல் என்று சொல்லப்பட்டு மறுபடி ஏறுவார். ‘இன்னும் ஒண்டும் முடியேல்ல’ என்பதுதான் இவர்களின் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை.

எங்கள் ஓர்ஸ் ஹில் பகுதி எமில்டா அக்கா இந்த இனத்தின் முதல்தர மாதிரி. ஆனால் அவருக்குக் கேட்பதற்கு உண்மையாகவே ஒன்று இருந்தது. மகள் ஜெஸ்மின் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். இப்போது மீண்டும் ஏழு மாதம். மாதா வரும் அன்று அவள் பெயரைச் சொல்லி மன்றாட வேண்டும் என்று எமில்டா அக்கா ஆவணி தொடக்கம் காத்திருந்தார். பெயின்ற் அடித்ததும் அதற்காகத்தான்.

கதிரை இரவல் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு லைலா, ஈரச் சுவரில் முழங்கை பட்டதும் சிரித்துவிட்டார். “உங்களப் பாத்துச் சிரிக்க ஏலாது அக்கா. பெருநாளைக்கு எங்கட வீட்டிலயும் இதே கூத்துத்தான்.”

மாலையில் பெரிய குடைக்குக் கீழே மாதா வந்தார். சுவரில் சாயக் கூடாது என்று வாசலிலேயே அறிவித்தபடியால் கூட்டம் நடு ஹோலில் ஒருவரோடொருவர் ஒட்டி நெருக்கிக்கொண்டது. வந்தவர்களுக்கு உட்காரக் கதிரை. ஏழு மாதக்காரி ஜெஸ்மினுக்கு? நிலைக்கதவில் சாயலாம், அதற்குப் பெயின்ற் அடிக்கவில்லை.

“அம்மா, கொஞ்சம் வந்து இருங்கோவன்.”

“இந்தா வாறன். பொரிச்ச றோல்ஸ் ஆறப் போகுது.”

செபமாலை முழுவதும் இந்த இரண்டு வரிகளும் குசினிக்கும் ஹோலுக்கும் இடையே போய்வந்தன. கடைசியில் செபம் நடத்திய றெஜினோல்ட் மாஸ்டர், வீட்டுக்காரர் கருத்தைச் சொல்லலாம் என்றார். யாரோ குசினிக்குள் ஓடிப் போய்க் கூப்பிட்டார்கள். எமில்டா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. மாதாவின் முகம் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். ஆவணியிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் சொல்ல வாய் திறந்தது.

“ஒருத்தரும் சாப்பிடாமப் போகக் கூடாது.”

மாஸ்டர் எதற்கும் செபத்தை நிறுத்தாதவர். இக்கருத்துக்காக மன்றாடுவோம் என்றார். பழக்கதோஷத்தில் கூட்டமும், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. அந்த மன்றாட்டு உடனடியாகக் கேட்கப்பட்டது. ஆளுக்கொரு றோல்ஸோடு எல்லோரும் மாதாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெஸ்மின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“அம்மா, என்ர பேரைச் சொல்லேல்லயே.”

எமில்டா அக்கா குடை எடுக்காமல் ஓடினார். மாதாவின் அடுத்த வீடு ஜெயரூபியுடையது. அவள் அப்போதுதான் வேலையால் வந்து, ஒரு பாயை மட்டும் விரித்து, அதில் தானும் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எமில்டா அக்கா சொட்டச் சொட்ட வாசலில் நின்று, முடியும் வரை காத்திருந்தார்.

“தங்கச்சி, உங்கட முறையில நான் ஒண்டு கேக்கட்டோ?”

“வந்து இருந்து கேளுங்கோ அக்கா. எனக்கு அடுப்பில ஒண்டும் இல்லை.”

பாயில் இடம் விட்டார்கள். எமில்டா அக்கா இருந்தார். “ஜெஸ்மின்,” என்றார். மாஸ்டர் முதல்முறையாகச் செபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

இனி உங்களிடம் ஒரு பரிசோதனை. நீங்கள் நெடுநாள் காத்திருக்கும் ஒருவர் இன்று பின்னேரமே வாசலில் வந்து நின்று, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். ‘முதல்ல இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்’ என்றுதான் வந்தது.

உங்களுக்கு என்ன வந்தது?