மாமியாருக்குச் சான்று தேவை

வரப்போகும் மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க மற்றவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு போவார்கள். நான் கட்டுரையோடு போனேன். அவ்வளவு பெரிய மூளை எனக்கு.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் கட்டிக்கொள்ளப்போகும் கனியின் அப்பா செல்லத்துரைக்குத் தாராவியில் அரிசிக் கடை. வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவருக்கு ஒரு பக்கம் போட்டேன். தலைப்பு, 'வணிகச் செம்மல் அண்ணாச்சி திரு. செல்லத்துரை அவர்கள்'. விதிமுறைகளைப் படித்தாயா என்று கேட்காதீர்கள். (செம்பூர் ஆபீஸில் லீவு விதியையே நான் படித்ததில்லை.) ஆதாரம் கேட்ட இடத்திலெல்லாம் கனியின் அம்மாவைச் சாட்சியாக்கி, 'அத்தை நேரில் சொன்னது' என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில், சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் முன்னால், போனை டிவியோடு இணைத்தேன்.

முந்தின நாள் நான் எழுதிய பக்கம் அங்கே இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் விதிப்படி திருத்தியிருந்தார். செம்மல், அண்ணாச்சி, திரு எல்லாம் போய், தலைப்பில் வெறும் 'செல்லத்துரை' நின்றது.

"என்ன மாப்ள, எம்பேர சட்டையக் கழத்தி நிறுத்தி வச்சிருக்கீரு?" என்றார் மாமா.

"அது கெடக்கட்டும், என்னயப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றார் அத்தை.

கனி எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பாள். சத்தமாக வாசித்தாள். "இவரது மனைவி தங்கம்... சான்று தேவை."

"எதுக்குட்டி சான்று?"

"அரே, நீ அப்பாவோட பொண்டாட்டிதானான்னு ப்ரூஃப் கேக்காங்கம்மா!"

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நிச்சயதார்த்தம் இரண்டு தடவை நின்றுபோனது. "முப்பது வருசமா இந்த மனுசனுக்குப் பொங்கிப் போடுதேன். ப்ரூஃப் இந்தா இருக்குல்லா?" என்று மாமாவின் தொப்பையைக் காட்டினார்.

வாயை மூடியிருக்கலாம். சம்பந்தப்பட்டவர் சொல்வது செல்லாது, அச்சிட்ட ஆதாரம் வேண்டும் என்று விளக்கினேன். (அந்த நேரத்திலா? அந்த நேரத்தில்தான்.) "கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா மாமா?" என்றும் கேட்டேன்.

மாமா மின்விசிறியைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார்.

மறுநாளே அத்தை கடையின் ஷட்டரை இறக்கி, கல்யாணத்தைப் பதிவு செய்ய மாமாவை வார்டு ஆபீசுக்கு இழுத்துப் போனார். நான் போட்ட இணையப் பக்கத்தையே சில நாளில் நீக்கிவிட்டார்கள். கனி பிடிவாதமாக நின்றதால் எங்கள் கல்யாணம் நடந்தது.

அலைந்து வாங்கிய அந்தத் திருமணச் சான்றிதழ் இன்றும் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் அத்தை என்னைக் கைகாட்டுவார்.

"எங்க மருமவன் நம்ப மாட்டேன்னுட்டாரு. அதான்."