பெருக்கல் விதிக்கு வெட்டின துணி

காத்தான்குடி.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் றிஸ்வி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் நலம். தோஹா வெயிலில் தாங்களும் வாடாமல் இருக்கத் துஆச் செய்கிறோம். வட்சப்பில் எழுதினால் உங்கள் தங்கச்சி பரீனா என் போனைப் பார்த்துவிடுவா என்பதால், அங்கு பயணப்படும் பாஹிமின் கையில் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். விடயம் இதுதான்: பரீனா படிப்பை நிறுத்த வேண்டும். நான் சொல்லிக் கேட்கவில்லை. "காக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும், நிப்பாட்டுறன்" என்கிறா. அந்த ஒரு வார்த்தையை அண்ணனாகிய தாங்கள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

உங்கள் வாப்பா மௌத்தாகி நல்லடக்கம் முடிந்ததும் ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்டவ, இப்போது நாற்பது வயது தாண்டி, இணைந்த கணிதத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பம் போட்டிருக்கிறா. மட்டக்களப்பு டவுனில் உதயரூபன் சேரின் வகுப்பு. மோட்டார் சைக்கிள்ல கூட்டிப் போறதும் நான்தான், வகுப்பு முடியுமட்டும் பின் வாங்குப் பலகையில குந்திட்டு இரிக்கிறதும் நான்தான். வகையிடல் தொடங்கின நாள்ல இருந்து ஊட்டுல நிம்மதி இல்ல மச்சான். "எக்ஸுக்கு மேல அஞ்சு இருந்தா, அந்த அஞ்ச முன்னுக்கு இறக்கு, மேல ஒண்டக் குறைச்சு நாலாக்கு" எண்டு செல்லிச் செல்லி, அடுப்பில கிடந்த மீன் ஆணம் அடிப்பிடிச்சிட்டு. இன்னொரு நாள், "மாறாம ஒரே இடத்தில கிடக்கிற மாறிலிய வகையிட்டாப் பூச்சியம்" எண்டு செல்லிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறா. நான் சாய்மனைக் கதிரையில சும்மாதான் படுத்திருந்தன்.

மறுகா சேர் ஒரு டெஸ்ட் வெச்சார். ரெண்டு சார்பைப் பெருக்கி வெச்சா எப்படி வகையிடுற எண்டு கேட்டிருக்கார். இவ ரெண்டையும் தனித்தனியா வகையிட்டு, வந்த ரெண்டையும் பெருக்கி வெச்சிட்டா. சின்னப் புள்ளயள் எல்லாம் சரியாச் செஞ்சிருக்க, இவட தாள் முழுக்கச் சிவப்புக் கோடு. வரக்குள்ள கல்லடிப் பாலத்தில பின்னுக்கு இருந்து அழுதா மச்சான், என்ட சேட்டு நனைஞ்சிட்டு. எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல.

அடுத்த நாள் காலையிலயே என்ட துணிக் கடைக்கு வந்து நிக்கிறா. இர்ஷானா ராத்தா மருமகளுக்குக் கலியாணச் சட்டை தைக்க எண்டு செல்லி வெச்ச பட்டுத் துணிய மேசையில விரிச்சா. நான் தடுக்க முந்தி நீளப் பக்கம் ஒரு கீலம், அகலப் பக்கம் ஒரு கீலம் வெட்டிட்டா! "இஞ்ச பாருங்க. நீளம் கொஞ்சம் கூடினா இந்தக் கீலம் சேருது, அகலம் அப்படியே நிக்கிது. அகலம் கூடினா அந்தக் கீலம் சேருது, நீளம் அப்படியே நிக்கிது. ரெண்டையும் கூட்டணும், பெருக்கக் கூடா. மூலையில வாற குட்டித் துண்டு கணக்கில்ல. நான் விட்ட பிழை வெளங்கிட்டு!" யா அல்லாஹ், நல்ல பட்டு. ஆனா மச்சான், எனக்கும் வெளங்கிட்டு. அதுதான் எனக்குப் பயம்.

கலியாணத்தண்டு பெண்கள் பக்கம் சஹன் வெச்சாங்க. ஒரே தட்டைச் சுத்தி எல்லாரும் குந்த, மாப்பிள்ளைட உம்மா இர்ஷானா ராத்தா வந்து நம்மட ஆளுக்குப் பக்கத்தில இருந்திட்டா. "துணி ஏன் கட்டையாப் போச்சு, பரீனா?" எண்டு கேட்டிருக்கா. இவ மன்னிப்புக் கேக்கிறத விட்டுட்டு, சஹன் சோத்த மலை மாதிரிக் குவிச்சு, கோழிக் கால் எலும்ப அதுட சரிவில சாய்ச்சு வெச்சு, "இதுதான் தொடலி, மலையத் தொட்டுட்டு நிக்கிற கோடு. இந்த இடத்தில எவ்வளவு சரிவு எண்டு பாக்கிறதுதான் வகையிடல். எலும்ப உச்சிக்குக் கொண்டு போங்க, படுத்திரும். சரிவு பூச்சியம்" எண்டாவாம். மலை சரிஞ்சிரும் எண்டு ஒருத்தரும் சோத்தில கை வைக்கல்லயாம். மத்தச் சஹனெல்லாம் வெறுமையாகி, இவங்கட சஹன் மட்டும் நிறைஞ்சு கிடந்திரிக்கி. என்ட மானம் போச்சு எண்டு நான் தலையில கை வெச்சன். இர்ஷானா ராத்தா என்னடாண்டா, "கிளாஸ் எந்த நாள்கா? நானும் வாறன்" எண்டிருக்கா.

இப்ப என்ட பைக்குக்குப் பின்னால ஒரு ஓட்டோ நிறையப் பொம்புளயள் வகுப்புக்கு வாறாங்க. கடை பூட்டிக் கிடக்கு. ஒங்கட தங்கச்சிட மூளை, மாஷா அல்லாஹ், இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இல்ல, அத நான் மறுக்கல்ல. எண்டாலும் நிப்பாட்டச் செல்லுங்க.

தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோரின் ஸலாமும் துஆவும் உரித்தாகட்டும். நீண்ட ஆயுளையும் குறைவில்லாத பறக்கத்தையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
அப்துல் மஜீத்

பி.கு: பாஹிம் இன்னும் வரல்ல, அதனால இதையும் எழுதிர்ரன். நேத்து அடுத்த டெஸ்ட்டுத் தாளத் திருத்திக் குடுத்தார் சேர். பரீனாட தாள்ல ஒரு சிவப்புக் கோடும் இல்ல. பின் வாங்கில சும்மா இருக்க ஏலாம நானும் ஒரு தாள் எழுதிக் குடுத்திருந்தன். பெருக்கல் விதிக் கணக்கு எனக்கும் சரியாம். மச்சான், அல்லாஹ்வுக்காக நிப்பாட்டச் செல்லிராதீங்க. நாளைக்குச் சங்கிலி விதி தொடங்குது. அவ நிப்பாட்டிட்டா எனக்கு ஆர் செல்லித் தாற?